நாணயம் யாருடையது?

மூழ்கிப்போன கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச் மீதான கூட்டு வழக்கு சமரசத்தில் முடியும்போது வாடிக்கையாளருக்கு ஒரு நோட்டீஸ் வரும். பெரும்பாலும் மின்னஞ்சலாகத்தான் வரும். விளம்பரங்களுக்கு நடுவே திறக்கப்படாமலே கிடக்கும். திறந்து பார்ப்பவரின் கண்ணும் நேராகத் தொகைக்குத்தான் போகும்: மொத்தம் எவ்வளவு, நம் பங்கு எவ்வளவு, எப்போது கைக்கு வரும். இந்த வழக்குகளைப் படிப்பதையே தொழிலாகக் கொண்ட நாங்கள் அதே நோட்டீஸைக் கடைசிப் பக்கங்களிலிருந்து படிப்போம். விடுவிப்பு என்ற தலைப்பில் ஒரு பத்தி அங்கே இருக்கும். இந்தப் பணத்தைப் பெறுகிறவர் இன்னின்னார் மீது இன்னின்ன காரணத்துக்காக இனி எந்த நீதிமன்றத்திலும் எதையும் கேட்க முடியாது என்று அந்தப் பத்தி சொல்லும். முதல் பக்கத்தில் இருப்பது வாடிக்கையாளர் வாங்குவது. கடைசிப் பக்கத்தில் இருப்பது அவர் விற்பது. விற்பது என்ன என்று தெரியாமல் விலை நியாயமா என்று சொல்ல முடியாது. எக்ஸ்சேஞ்ச் வழக்குகளைத் தொடர்ந்து படித்துவந்ததில் எனக்கு உறுதிப்பட்டது இது: இவற்றில் வாடிக்கையாளர் விற்பது ஏறக்குறைய எப்போதும் ஒரே கேள்வியைத்தான். அந்த நாணயம் யாருடையது என்ற கேள்வி. கூட்டு வழக்கின் உண்மையான பலம் அது கொண்டுவரும் பணத்தில் இல்லை. தனியாளாக யாராலும் எழுப்ப முடியாத இந்தக் கேள்வியை எழுப்புவதில்தான் இருக்கிறது. அதனால் சமரசத்தை எடைபோட வேண்டிய தராசும் அதுதான்.

வங்கி லாக்கரில் நகை வைத்தவருக்கும் அதே வங்கியில் பணத்தை டெபாசிட் போட்டவருக்கும் உள்ள வித்தியாசத்தை எந்த வீட்டிலும் விளக்க வேண்டியதில்லை. வங்கி நொடித்தால் நகை வைத்தவர் சாவியோடு போய்த் தன் நகையை எடுத்துவரலாம். பணம் போட்டவர் கடன் கொடுத்தவர்களின் வரிசையில் நிற்க வேண்டும். காப்பீடு இருந்தால் அந்த அளவுக்குத் தப்பிப்பார். எக்ஸ்சேஞ்சில் பிட்காயின் வைத்திருப்பவர் இந்த இருவரில் யார்? திரையில் 'உங்கள் வாலட்' என்று இருக்கும். கீழே இருப்பு காட்டும். ஆனால் அந்த நாணயத்தை நகர்த்தும் பிரைவேட் கீ எக்ஸ்சேஞ்சின் கையில். பத்துப் பேர் தங்கள் நெல்லை ஒரே குதிரில் கொட்டியதுபோல எல்லோருடைய நாணயமும் எக்ஸ்சேஞ்சின் சில பெரிய வாலட்களில் ஒன்றாகக் கலந்து கிடக்கும். யாருக்கு எவ்வளவு என்பது அவர்களுடைய கணினிப் பேரேட்டில் மட்டும் இருக்கும். லாக்கர்க்காரர் என்றால் நாணயம் நாணயமாகவே திரும்ப வேண்டும்; நடுவில் விலை ஏறியிருந்தால் ஏற்றமும் அவருடையது. டெபாசிட்காரர் என்றால் ஒரு குறிப்பிட்ட நாளின் விலைக்கு அவர் கணக்கு உறைந்துவிடும்; வரித்துறை, சப்ளையர், வழக்குப் போட்ட மற்றவர்கள் எல்லோரோடும் பங்குபோட வேண்டும். ஐந்நூறு டாலர் வைத்திருந்தவர் இந்தக் கேள்விக்காக ஒரு வக்கீலை அமர்த்தினால் ஒரு மணி நேரத்திலேயே அவர் பணம் தீர்ந்துவிடும். கூட்டு வழக்கு என்ற ஏற்பாடே இந்த இடத்துக்காகப் பிறந்தது.

எஃப்டிஎக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் மூழ்கிய விவகாரத்தில் இது முழு உருவத்தில் தெரிந்தது. 2022 நவம்பர் 11 அன்று அமெரிக்காவின் டெலவேர் திவால் நீதிமன்றத்தில் அந்த நிறுவனம் மனுப் போட்டது. வாடிக்கையாளர்களின் சொத்து, நிறுவனர் சாம் பேங்க்மேன்-ஃப்ரீடின் இன்னொரு நிறுவனமான அலமேடா ரிசர்ச்சுக்குப் போயிருந்தது; அதற்காக அவருக்கு 2024 மார்ச்சில் 25 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. எஃப்டிஎக்ஸ் தளத்தின் சேவை நிபந்தனைகளில், டிஜிட்டல் சொத்தின் உரிமை எப்போதும் வாடிக்கையாளரிடமே இருக்கும், எஃப்டிஎக்ஸுக்கு மாறாது என்ற பொருளில் தெளிவாக ஒரு விதி இருந்தது. மனுப் போட்ட ஏழாவது வாரத்தில், 2022 டிசம்பர் 27 அன்று, வாடிக்கையாளர்கள் சிலர் எல்லோர் சார்பிலும் அதே திவால் நீதிமன்றத்தில் ஒரு கூட்டு வழக்கைத் தொடுத்தார்கள். அவர்கள் முதலில் கேட்டது நஷ்டஈடு அல்ல. அங்கே மிச்சமிருக்கும் சொத்து வாடிக்கையாளர்களுடையது, நிறுவனத்தின் பொதுச் சொத்தில் சேராது என்று அறிவிக்கச் சொன்னார்கள். இந்த வகை வழக்குகளிலேயே இதைத்தான் மிகச் சரியாக வடித்த கோரிக்கையாகக் கருதுகிறேன். நஷ்டஈடு கேட்பவர் வரிசையில் தனக்கும் ஓர் இடம் கேட்கிறார். உரிமை கேட்பவரோ, அந்த வரிசையே தனக்குப் பொருந்தாது என்கிறார்.

அந்தக் கேள்விக்குத் தீர்ப்பு வரவே இல்லை. 2023 அக்டோபரில் திவால் நிர்வாகமும், கடன் கொடுத்தவர்களின் குழுவும், அமெரிக்காவுக்கு வெளியே உள்ள வாடிக்கையாளர்களின் குழுவும், கூட்டு வழக்குத் தரப்பும் ஒரு சமரசத்துக்கு வந்தன. வாடிக்கையாளர் சொத்தில் விழுந்த பள்ளம் சர்வதேசத் தளத்தில் ஏறக்குறைய 890 கோடி டாலர் என்று மதிப்பிட்டு, அந்த அளவுக்கு மற்றக் கடன்களைவிட வாடிக்கையாளர்களுக்கு முன்னுரிமை தருவது என்பது அதன் சாரம். அதற்கு ஈடாக உரிமைக் கேள்வி மூடப்பட்டது. அடுத்த கட்டம் அதன் தொடர்ச்சிதான். அமெரிக்கத் திவால் சட்டத்தின் 502ஆம் பிரிவு, கடன் கோரிக்கையை மனு நாளன்று இருந்த மதிப்பில் டாலராகக் கணக்கிடச் சொல்கிறது. 2024 தொடக்கத்தில் நீதிபதி ஜான் டார்சி, இதில் சட்டம் தெளிவாக இருக்கிறது, தனக்கு வேறு வழியில்லை என்று சொல்லி அந்த நாளின் விலைப்பட்டியலை ஏற்றார். ஒரு பிட்காயின் 16,871 டாலர். 2024 அக்டோபர் 7 அன்று திட்டம் உறுதியானபோது, 98 விழுக்காட்டுக் கோரிக்கையாளர்களுக்கு அவர்கள் கோரிக்கையில் குறைந்தது 118 விழுக்காடு கிடைக்கும் என்று அறிவிக்கப்பட்டது. பத்திரிகைகள் வட்டியோடு முழுப் பணமும் திரும்புகிறது என்று எழுதின. அதே நாளில் சந்தையில் ஒரு பிட்காயின் அறுபதாயிரம் டாலருக்கு மேல். 16,871இல் 118 விழுக்காடு என்றால் இருபதாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. ஒரு பிட்காயின் வைத்திருந்தவருக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பிட்காயினின் விலைதான் கிடைத்தது. இரண்டு கணக்கும் சரியான கணக்குதான். எதைச் சரி என்று எடுத்துக்கொள்வது என்பது, நாணயம் யாருடையது என்பதற்கு நீங்கள் சொல்லும் பதிலைப் பொறுத்தது.

நாணயம் வாடிக்கையாளருடையது என்ற வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. திவால் நிர்வாகத்தை ஏற்ற ஜான் ரே, தான் பொறுப்பேற்றபோது சர்வதேசத் தளத்தில் இருந்தது வெறும் 105 பிட்காயின்தான், வாடிக்கையாளர்களுக்குச் சேர வேண்டியதோ ஏறக்குறைய ஒரு லட்சம் என்று நீதிமன்றத்துக்கு எழுதினார். இல்லாத நெல்லுக்கு யார் உரிமை கொண்டாடி என்ன பயன்? சட்டமும் இதில் கறாரானது. கலந்துபோன சொத்தில் தன்னுடையதைத் தேடுபவர், குதிரில் நெல் எவ்வளவு தாழ்ந்த மட்டம்வரை இறங்கியதோ அந்த மட்டம்வரைதான் உரிமை கோர முடியும். பிறகு வேறு யாரோ கொட்டிய நெல்லில் கை வைக்க முடியாது. இந்த மறுப்பை நான் முழுமையாக மதிக்கிறேன். ஆனால் அது பாதிக் கதைதான். வாடிக்கையாளர் பணம் காற்றில் கரையவில்லை. வேறு பொருளாக உருமாறியிருந்தது. நிர்வாகம் கடைசியில் திரட்டியதாகச் சொன்ன தொகை 1,470 கோடியிலிருந்து 1,650 கோடி டாலர்வரை. அதில் ராபின்ஹுட் பங்குகளும், ஆந்த்ரோபிக் என்ற செயற்கை நுண்ணறிவு நிறுவனத்தில் போட்ட முதலீடும், பல தொழில் நிறுவனங்களின் பங்குகளும் அடங்கும். கோயில் பணத்தில் வாங்கிய நிலம் யார் பெயரில் இருந்தாலும் கோயில் நிலம்தான் என்று நம் ஊரில் சொல்வோம். ஆங்கிலேய மரபில் வந்த நம்பிக்கைச் சொத்துச் சட்டமும் அதையே சொல்கிறது: பணம் எதுவாக மாறியதோ அதைத் தொடர்ந்து போய்ப் பிடிக்கலாம். எஃப்டிஎக்ஸின் நிபந்தனைகள் ஆங்கிலச் சட்டத்துக்கு உட்பட்டவை என்பதால் இந்த வாதத்துக்கு அங்கே காலூன்ற இடம் இருந்தது. வென்றிருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு டாலரும் எங்கிருந்து எங்கே போனது என்று நிரூபிக்கும் பாரம் வாடிக்கையாளர் தலையில்தான் விழுந்திருக்கும். பேரேடே ஒழுங்காக இல்லாத நிறுவனத்தில் அது சாதாரண வேலை அல்ல. ஆனால் அந்த வாதத்துக்கு ஒரு விலை இருந்தது. சமரசத்தில் வாடிக்கையாளர்கள் விட்டுக்கொடுத்தது அதைத்தான்.

விட்டுக்கொடுத்ததற்கு ஈடாகக் கிடைத்தது சொற்பமல்ல என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்க வரித்துறை முதலில் 2,400 கோடி டாலர் கேட்டு நின்றது. கடைசியில் 20 கோடி டாலரை முன்னுரிமையாக வாங்கிக்கொண்டு, 68.5 கோடியை வாடிக்கையாளர்களுக்குப் பின்னால் நின்று பெற்றுக்கொள்ள ஒப்புக்கொண்டது. வாடிக்கையாளர்களுக்கு முன்னுரிமை என்ற அடிப்படை ஏற்கெனவே போடப்பட்டிருந்ததால்தான் இப்படியொரு பேச்சு சாத்தியமானது என்று நினைக்கிறேன். இன்னொன்றும் இருக்கிறது. மூழ்குவதற்கு முந்தைய ஒன்பது நாட்களில் பெருந்தொகையை எடுத்துக்கொண்டு வெளியேறியவர்களிடம் அதைத் திரும்பக் கேட்கத் திவால் சட்டத்தில் இடம் உண்டு. இந்தச் சமரசம், இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் எடுத்தவர்களின் கோரிக்கையில் அந்தத் தொகையின் 15 விழுக்காட்டைக் கழித்துக்கொள்வதோடு அந்த விவகாரத்தை முடிக்க வழி செய்தது. அதற்குக் கீழே எடுத்தவர்களுக்குத் தொல்லையே இல்லை. தன்மீது வழக்கு வராது என்ற நிம்மதியும் ஒரு பெறுமதிதான். அதே சமயம், பறிமுதல் செய்யப்பட்ட சொத்திலிருந்து நிறுவனத்தின் முன்னுரிமைப் பங்குதாரர்களுக்கு 23 கோடி டாலர்வரை ஒதுக்கவும் அதே திட்டம் இடம் கொடுத்தது. பிட்காயினின் மூன்றில் இரண்டு பங்கு மதிப்பை இழந்தவர்கள் ஒருபக்கம் இருக்க, பங்குதாரருக்கும் ஒரு பங்கு போகிறது என்றால், உரிமைக் கேள்வி மூடப்பட்டதன் விளைவு அதுதான். லாக்கரில் இருந்த நகையில் வங்கியின் பங்குதாரருக்கு என்ன வேலை?

கேள்வியை விற்காமல் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு நியூசிலாந்தில் ஒரு பதில் இருக்கிறது. கிறைஸ்ட்சர்ச் நகரத்தின் கிரிப்டோபியா எக்ஸ்சேஞ்ச் 2019 ஜனவரியில் ஹேக் செய்யப்பட்டு, அந்த ஆண்டு மே மாதம் கலைப்புக்குப் போனது. கணக்கு வைத்திருந்தவர்கள் எட்டு லட்சத்துக்கும் மேல். மிச்சமிருந்த சொத்து சுமார் 17 கோடி நியூசிலாந்து டாலர். கலைப்பு அதிகாரிகளே உயர் நீதிமன்றத்திடம் போய், இது யாருடையது என்று சொல்லுங்கள் என்று கேட்டார்கள். வாடிக்கையாளர் தரப்புக்கு ஒரு வக்கீல், மற்றக் கடன் கொடுத்தவர்கள் தரப்புக்கு ஒரு வக்கீல் என்று தனித்தனியே நியமித்து இருபக்க வாதமும் கேட்கப்பட்டது. 2020 ஏப்ரலில் நீதிபதி டேவிட் ஜெண்டால் தீர்ப்பளித்தார்: கிரிப்டோ ஒரு சொத்து; அதை எக்ஸ்சேஞ்ச் வைத்திருந்தது வாடிக்கையாளருக்காகத்தான்; ஒவ்வொரு வகை நாணயத்துக்கும் ஒரு தனி டிரஸ்ட். அதாவது ஒவ்வொரு தானியத்துக்கும் ஒரு குதிர். குதிரில் கலந்தாலும் கொட்டியவர்கள் எல்லோருக்கும் அது சேர்ந்தே சொந்தம். குறைந்துபோயிருந்தால் அந்தக் குதிருக்கு உரியவர்கள் தங்களுக்குள் விகிதப்படி குறைத்துக்கொள்வார்கள். நாணயமாகவே திரும்பக் கொடுக்க வழி பிறந்தது. விலையேற்றமும் வாடிக்கையாளரைச் சேர்ந்தது. ஆண்டுக்கணக்கில் காத்திருந்ததே பெரிய தண்டனை என்று இதை மறுப்பவர்கள் உண்டு. உண்மைதான், பெரிய அளவிலான பங்கீடு நடக்க 2024 டிசம்பர்வரை ஆனது. மருத்துவச் செலவுக்கோ வீட்டுக் கடனுக்கோ பணம் வேண்டியிருப்பவருக்கு ஆறாம் ஆண்டில் வரும் முழு நாணயத்தைவிட மூன்றாம் ஆண்டில் வரும் டாலர் மேல். அதனால்தான் சமரசம் கூடாது என்று நான் வாதாடவில்லை. விற்பவருக்குத் தான் விற்கும் பொருளின் பெயராவது தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன்.

ஒரே கேள்விக்கு ஜப்பான் வேறு பதில் சொன்னது. டோக்கியோவின் ஷிபுயாவில் இருந்த மவுண்ட் காக்ஸ் எக்ஸ்சேஞ்ச் 2014 பிப்ரவரியில் நின்றுபோனபோது காணாமல்போனதாகச் சொல்லப்பட்டது 8,50,000 பிட்காயின். பிறகு ஒரு பழைய வாலட்டில் 2,00,000 கிடைத்தது. தன் நாணயத்தைத் திருப்பித் தரச் சொல்லி ஒருவர் தொடுத்த வழக்கில், 2015 ஆகஸ்ட் 5 அன்று டோக்கியோ மாவட்ட நீதிமன்றம், கையால் தொட முடிகிற பொருளுக்குத்தான் சிவில் சட்டப்படி உடைமையுரிமை உண்டு, பிட்காயினுக்கு இல்லை என்றது. கோரிக்கைகள் எல்லாம் ஒரு பிட்காயினுக்குச் சுமார் 50,000 யென் என்ற விலையில் உறைந்தன. ஆனால் 2017இல் விலை பல மடங்கு ஏறியபோது, பழைய விலையில் எல்லோருக்கும் முழுதாகக் கொடுத்தாலும் பெருந்தொகை மிஞ்சும், அந்த மிச்சம் சட்டப்படி பங்குதாரர் தரப்புக்குப் போகும் என்ற நிலை வந்தது. அதைச் சகிக்க முடியாத கடன் கொடுத்தவர்கள் ஒன்றுசேர்ந்து, திவாலை நிறுத்தி மறுசீரமைப்பு நடைமுறைக்கு மாற்றக் கோரினார்கள். 2018 ஜூன் 22 அன்று நீதிமன்றம் இசைந்தது. பிட்காயினை பிட்காயினாகவே கொடுக்கும் திட்டம் 2021இல் உறுதியானது. 2024 ஜூலையில்தான் கைக்கு வரத் தொடங்கியது. உடைமை இல்லை என்று நீதிமன்றமே சொன்ன இடத்தில்கூட, ஒன்றுதிரண்டு நின்றவர்கள் உடைமையின் பலனில் பெரும்பகுதியைப் பேரம் பேசி மீட்டார்கள். கேள்வியை விடாமல் வைத்திருந்ததன் பலன் அது.

எழுத்தில் இருக்கும் ஒரு வரி எல்லாவற்றையும் புரட்டிப்போடும் என்பதற்கு செல்சியஸ் சாட்சி. அது எக்ஸ்சேஞ்ச் அல்ல; நாணயத்தை வாங்கி வைத்துக்கொண்டு வட்டி தருவதாகச் சொன்ன நிறுவனம். நியூயார்க் திவால் நீதிபதி மார்ட்டின் க்ளென் 2023 ஜனவரி 4 அன்று, வட்டிக் கணக்கில் போட்ட சொத்து நிபந்தனைகளின்படி நிறுவனத்துக்கே மாறிவிட்டது என்று தீர்ப்பளித்தார். சுமார் ஆறு லட்சம் கணக்குகள், 420 கோடி டாலர் சொத்து. வாடிக்கையாளர்கள் 'சம்மதம்' என்ற பெட்டியைத் தட்டியிருந்தார்கள். அது போதுமானதாக இருந்தது. காவல் கணக்கில் வைத்தவர்களின் நிலை வேறு. அங்கே உரிமை வாடிக்கையாளரிடமே இருப்பதாக எழுதியிருந்தது. ஒரே நிறுவனம், ஒரே ஆப், இரண்டு தட்டல், இரண்டு தலைவிதி. அந்தத் திவால் திட்டத்தில் இருந்த ஒரு சமரசம் இன்னும் நுட்பமானது. ஏமாற்று, பொய்யான வாக்குறுதி போன்ற குற்றச்சாட்டுகளின் பேரில் வாடிக்கையாளர்களுக்கு இருக்கக்கூடிய கோரிக்கைகளை மொத்தமாக முடித்துக்கொள்ள, ஒவ்வொருவரின் கணக்கிலும் 5 விழுக்காடு கூட்டிக் கொடுத்தார்கள். நூறு டாலர் கோரிக்கை நூற்றைந்து ஆகும். வேண்டாம் என்றவர் எழுதிச் சொல்லி விலக வேண்டும். பேசாமல் இருந்தவர் ஏற்றுக்கொண்டதாகப் பொருள். அந்த 5 விழுக்காடு போதுமா, போதாதா என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் பல்லாயிரம் பேர் தங்கள் குற்றச்சாட்டை என்ன விலைக்கு விற்றோம் என்பதைக்கூட அறியாமல் விற்றிருப்பார்கள் என்பதுதான் என்னை உறுத்துகிறது.

மௌனம் சம்மதம் என்று நாம் பேச்சுக்குச் சொல்வது அமெரிக்கக் கூட்டு வழக்கில் சட்டமே. சிவில் நடைமுறை விதி 23இன்படி நஷ்டஈட்டுக்கான கூட்டு வழக்கில், விலகுகிறேன் என்று எழுதாதவர் எல்லோரும் உள்ளேதான்; தீர்ப்போ சமரசமோ அவர்களையும் கட்டும். ஆனால் வழக்குக்கு ஆளான எக்ஸ்சேஞ்ச் திவால் நீதிமன்றத்துக்குப் போனால் மௌனத்தின் பொருள் தலைகீழாகிவிடும். அங்கே பேசாமல் இருப்பவர் வெளியே. நிறுவனம் தானே தயாரித்த பட்டியலில் உங்கள் பெயரும் சரியான தொகையும் தகராறின்றி இருந்தால் தப்பிக்கலாம். இல்லையென்றால் குறித்த நாளுக்குள் கோரிக்கைப் படிவம் போட வேண்டும். எஃப்டிஎக்ஸ் வாடிக்கையாளருக்கு அந்த நாள் 2023 செப்டம்பர் 29. படிவம் போட்டபின்னும் வேலை முடியாது. அடையாளச் சரிபார்ப்பு, வரிப் படிவம், பணம் பெறும் இடத்தில் கணக்கு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கெடு. சரிபார்ப்பைக் கெடுவுக்குள் தொடங்கவே இல்லை என்பதற்காக அங்கே லட்சக்கணக்கான கோரிக்கைகள் தள்ளுபடிப் பட்டியலில் ஏறின. ஒரே மனிதர், ஒரே இழப்பு. ஒரு நீதிமன்றத்தில் வாய் திறக்காததால் கட்டுப்படுகிறார், அடுத்த நீதிமன்றத்தில் வாய் திறக்காததால் கைவிடப்படுகிறார். இதை எந்த நோட்டீஸும் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் சொல்வதில்லை. சொல்ல வேண்டும் என்று சட்டத்தில் எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வக்கீல்கள்தான் தின்று தீர்க்கிறார்கள் என்ற குற்றச்சாட்டுக்கும் பதில் சொல்ல வேண்டும். எஃப்டிஎக்ஸ் போன்ற பெரிய திவால்களில் வக்கீல், கணக்காளர், ஆலோசகர் கட்டணம் நூற்றுக்கணக்கான கோடி டாலர் அல்ல என்றாலும் பல பத்துக் கோடிகளில் ஓடுகிறது. அது வாடிக்கையாளரின் பானையிலிருந்துதான் போகிறது. கூட்டு வழக்குக் கட்டணமோ வேறு வகை. எஃப்டிஎக்ஸை விளம்பரம் செய்த பிரபலங்கள் முதலானோர் மீதான வழக்குகள் மயாமி ஃபெடரல் நீதிமன்றத்தில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன. அந்த வட்டாரத்தில் மீட்ட தொகையில் 25 விழுக்காடு என்பது நீதிமன்றங்கள் வைத்துக்கொண்ட தொடக்க அளவுகோல். வென்றால்தான் கூலி. 2025 மே மாதம் நீதிபதி கே. மைக்கேல் மூர் பிரபலங்கள் மீதான கோரிக்கைகளில் பெரும்பாலானவற்றைத் தள்ளுபடி செய்தார். அந்த அளவுக்கு வக்கீல்களின் பல ஆண்டு உழைப்புக்கும் கூலி இல்லை. கட்டணத்தை எதிர்த்து ஆட்சேபம் எழுத ஒவ்வொரு உறுப்பினருக்கும் உரிமை உண்டு. அதைப் பயன்படுத்துபவர்கள் மிகக் குறைவு. வக்கீல் கட்டணத்தைவிட எனக்குப் பெரிய கவலை, பானையே காலியாக இருக்கும் வழக்குகள். கனடாவின் குவாட்ரிகா எக்ஸ்சேஞ்சில் நிறுவனர் ஜெரால்ட் காட்டன் 2018 டிசம்பரில் ஜெய்ப்பூரில் இறந்துபோனார். ஒன்டாரியோ பங்குச்சந்தை ஆணையம் பிறகு அதை ஒரு மோசடி என்றே கண்டறிந்தது. நீதிமன்றம் வாடிக்கையாளர்களுக்காகப் பிரதிநிதி வக்கீல்களை நியமித்தது; குழு அமைந்தது; எல்லாம் முறையாக நடந்தது. 2023இல் கிடைத்தது டாலருக்கு 13 சென்ட். அங்கே உரிமைக் கேள்வியை எவ்வளவு திறமையாகக் கேட்டிருந்தாலும் பதினான்காவது சென்ட் பிறந்திருக்காது. என் வாதத்தின் எல்லை அதுதான். ஏதாவது மிஞ்சிய இடத்தில்தான் அது வேலை செய்யும்.

காத்திருக்க முடியாதவர்கள் கோரிக்கையையே விற்றுவிடுவதும் உண்டு. எஃப்டிஎக்ஸ் கோரிக்கைகள் 2023 தொடக்கத்தில் டாலருக்குப் பத்துப் பதினைந்து சென்ட் விலையில் கைமாறின. வாங்கியவை பெரும்பாலும் முதலீட்டு நிறுவனங்கள். பிற்பாடு அதே கோரிக்கைகள் நூறு சென்ட்டைத் தாண்டின. விற்றவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அன்றைக்கு இருந்த தகவல் அவ்வளவுதான். ஆனால் வாங்கியவர்கள் கேள்வியின் விலையைப் படித்திருந்தார்கள், விற்றவர்கள் தொகையின் விலையை மட்டும் படித்தார்கள்.

இந்தியாவில் இந்தக் கேள்வி சென்னையில் எழுப்பப்பட்டது என்பது தமிழ் வாசகர்களுக்குத் தெரிய வேண்டிய செய்தி. 2024 ஜூலை 18 அன்று வசீர்எக்ஸ் தளத்திலிருந்து 23 கோடி டாலருக்கும் மேல் திருடுபோனது. அதன் தாய் நிறுவனம் சிங்கப்பூர் நீதிமன்றத்தில் ஒரு சமரசத் திட்டத்தை வைத்து, இழப்பை எல்லா வாடிக்கையாளர்கள் தலையிலும் விகிதப்படி போட முனைந்தது. திருடுபோனவை எதீரியம் சார்ந்த டோக்கன்கள். எக்ஸ்ஆர்பி என்ற வேறு நாணயம் வைத்திருந்தவரின் இருப்பு தொடப்படவே இல்லை. சென்னையிலிருந்து 3,532 எக்ஸ்ஆர்பி வைத்திருந்த ஒரு வாடிக்கையாளர், அடுத்தவர் குதிரில் விழுந்த ஓட்டைக்கு என் குதிரிலிருந்து ஏன் அள்ளுகிறீர்கள் என்ற பொருள்படச் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினார். 2025 அக்டோபர் 25 அன்று நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ ஒரு சொத்து, அதை ஒருவருக்காக நம்பிக்கையின் பேரில் வைத்திருக்க முடியும் என்று சொல்லி இடைக்காலப் பாதுகாப்பு அளித்தார். கிரிப்டோபியா தீர்ப்பை அவர் எடுத்துக்காட்டினார். நியூசிலாந்தில் கேட்ட கேள்வியின் பதில் சென்னையில் ஒருவரைக் காத்தது. ஆனால் அது ஒருவரைத்தான் காத்தது. இறுதித் தீர்ப்பும் அல்ல. நம் கம்பெனிச் சட்டத்தின் 245ஆம் பிரிவு தரும் கூட்டு வழக்கு பங்குதாரருக்கும் டெபாசிட்தாரருக்கும் மட்டுமே. எக்ஸ்சேஞ்ச் வாடிக்கையாளர் இரண்டும் அல்ல. நுகர்வோர் சட்டத்தின் 35ஆம் பிரிவும் சிவில் நடைமுறைச் சட்டத்தின் முதல் கட்டளை எட்டாம் விதியும் ஒத்த நலன் உள்ளவர்களுக்காக ஒருவர் வழக்காட அனுமதிக்கின்றன. ஆனால் லட்சம் பேருக்கு நோட்டீஸ் அனுப்பி, விலகல் வாய்ப்பு தந்து, சமரசத்தை நீதிபதி எடைபோடும் முழு ஏற்பாடு இங்கே வேரூன்றவில்லை. அது வேண்டும்.

அதுவரை, எக்ஸ்சேஞ்சில் கணக்கு வைத்திருப்பவர்கள் ஒன்று செய்யுங்கள். நீங்கள் சேர்ந்த நாளின் சேவை நிபந்தனைகளையும், இருப்பு காட்டும் பக்கத்தையும், போட்டது எடுத்ததற்கான பட்டியலையும் உங்கள் சொந்தக் கணினியில் எடுத்து வையுங்கள். தளம் மூடியபின் அவை கிடைக்காது. நோட்டீஸ் வந்தால் விடுவிப்புப் பத்தியை முதலில் படியுங்கள். விலகக் கடைசி நாள், கோரிக்கை போடக் கடைசி நாள் இரண்டையும் நாள்காட்டியில் தனித்தனியே எழுதுங்கள். மவுண்ட் காக்ஸில் படிவ வேலைகளை முடிக்காததால் இன்னும் பணமோ நாணயமோ பெறாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகக் கெடு மறுபடியும் நீட்டப்பட்டிருக்கிறது. புதிய நாள் 2026 அக்டோபர் 31.